இலந்தை வடை

தை மாதக் கடைசி. ஓரியூர் போகிற வழியில், மீமிசலில் தெரிந்த ஓர் ஆத்தாவின் திண்ணையில் சற்று உட்கார்ந்தேன். கழுத்தில் ஜெபமாலை, கையில் உலக்கை. உரலில் இலந்தைப்பழம், காய்ந்த மிளகாய், உப்பு, வெல்லம், துளிப் பெருங்காயம். கொட்டையோடு சேர்த்தே இடித்து, வடையாகத் தட்டி வெயிலில் காயப்போடுவார்கள். கடிக்கும்போது பல் ஜாக்கிரதை!

'இடிபடாமல் ருசி ஏது?' என்று ஓர் உபதேசம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுதிப் பிழைப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. பழம் இடிபட ஒப்புக்கொண்டதா என்று யாரும் கேட்பதில்லை.

ஓரியூர்க் கதையை எண்ணிப் பார்த்தேன். 1647-ல் லிஸ்பனில் பிறந்து, பண்டாரசாமியாக மறவர் சீமைக்கு வந்த ஜான் டி பிரிட்டோவை நம் ஜனங்கள் அருளானந்தர் என்கிறார்கள். 1686-ல் அவரைப் பிடித்து வதைத்தார்கள். பிறகு ஐரோப்பா போனவர், அங்கேயே சௌக்கியமாக இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் தலை துண்டிக்கப்பட்டது. 1947-ல் புனிதர் பட்டம். அவருடைய பாடுகளை அன்பு என்று நான் ஒப்புக்கொள்வது, அவை வலித்ததனால் அல்ல. வலி இன்னதென்று உடம்பால் அறிந்த பின்னும் அதே மக்களிடம் திரும்பினாரே, அதனால்.

ஆனால் அந்தக் கதையில் இன்னொரு கண்ணீரும் இருக்கிறது. ஞானஸ்நானம் பெறுவதற்காகத் தடியத்தேவர் ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் முறையிட்டாள், விவகாரம் கொலைவாள் வரை போயிற்று. கதை சொல்லுகிறவர்கள் அவளைத் துஷ்டையாக்கிவிடுவார்கள். எனக்கு மனம் ஒப்புவதில்லை. சுவாமிகள் தம் துன்பத்தைத் தாமே ஏற்றார். அவளை யார் கேட்டார்கள்? கேளாமல் தலையில் விழுந்ததைச் சுமப்பவளிடம் போய், 'பொறுத்துக்கொள், அதுதான் அன்பு' என்பதைவிடக் கொடுமை உண்டா?

"யாருக்கு ஆத்தா இத்தனை வடை?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரோட இளையவ மகனுக்குத் தம்பி. அவனுக்கு இதுன்னா உசிரு."

முப்பது வருஷத்துக்கு முன் அந்த மனிதர் இவளை விட்டுப் போனது எனக்குத் தெரியும்.

"கோபம் இல்லையா?"

"ஏன் இல்லே? நெறைய இருக்கு. அதுக்குப் புள்ளை என்ன செய்வான்?"

புருஷன் போனது அவள் கேட்டு நடந்ததல்ல. இலந்தை வடை அவள் இஷ்டம். கோபமும் உரலருகில்தான் இருக்கிறது. அதை அவள் துரத்தவுமில்லை, வடையில் கலக்கவுமில்லை.

முந்தின வாரம் காய்ந்ததில் ஒன்றை என் கையில் வைத்தாள். உப்பு சற்றுத் தூக்கல். சொல்லவில்லை, இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.