ஒரு நாள் யாத்திரையின் பலன்

யாத்திரையின் பலன் கடந்த தூரத்தையும் கரைந்த பணத்தையும் பொறுத்ததா என்பது பழைய கேள்வி. காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பி, கையில் இருக்கும் சொற்பப் பணத்தில் முடிந்துவிடும் பயணத்தை யாத்திரை என்று சொல்லலாமா? மாதக்கணக்கில் நடந்து காசிக்குப் போனவருக்கும், விமானமும் ரயிலும் ஏறிப் பிரான்சின் லூர்து நகருக்குப் போய் வந்தவருக்கும் கிடைத்தது, டவுன் பஸ்ஸில் வில்லியனூருக்குப் போய் வரும் மீனவப் பெண்ணுக்கும் கிடைக்குமா? புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் நல்லவாட்டில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. காசிக்கு ஈடாகச் சொல்லப்படும் ஒரு தலமும், லூர்துக்கு ஈடாகக் கட்டப்பட்ட ஒரு தலமும் அங்கிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கின்றன.

வழி எளிது. நல்லவாட்டிலிருந்து தவளக்குப்பத்துக்கு வந்தால் கடலூர் சாலை. அரியாங்குப்பம் தாண்டிப் புதுச்சேரி பேருந்து நிலையம், அங்கிருந்து விழுப்புரம் சாலையில் வில்லியனூர். ஊருக்குள்ளேயே மாதா கோயிலும் திருக்காமீசுவரர் கோயிலும் இருக்கின்றன. சில கிலோமீட்டர் தள்ளிச் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி. புளிசோறு கட்டிக்கொண்டு போனால் செலவு பஸ் கட்டணமும் மெழுகுவத்தியும் அர்ச்சனைத் தட்டும்தான். திருக்காஞ்சியைத் தொட்டு ஓடும் ஆறுதான் சுண்ணாம்பாறாகி நல்லவாட்டுக்கு வடக்கே கடலில் கலக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

வில்லியனூர் மாதா கோயிலின் கதை பிரான்சில் தொடங்குகிறது. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, லூர்து என்ற சிற்றூரின் மசபியேல் குகையில் பெர்னதெத் என்னும் 14 வயதுச் சிறுமி 18 முறை ஒரு பெண்மணியின் காட்சியைக் கண்டதாகச் சொன்னாள். பிப்ரவரி 25 அன்று, காட்டிய இடத்தில் அவள் சேற்றைக் கையால் தோண்டினாள். முதலில் ஊறியது கலங்கல் நீர், பிறகு தெளிந்தது. இன்றும் பக்தர்கள் குடுவைகளில் பிடித்துப் போவது அந்த ஊற்று நீரைத்தான். 1862இல் மறைமாவட்ட ஆயர் காட்சிகளை ஏற்று அறிவித்தார். 1866இல் ரயில் பாதை வந்ததும் மலையடிவாரச் சிற்றூர் ஐரோப்பாவின் பெரிய யாத்திரைத் தலமாகிவிட்டது. பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் வில்லியனூரில் அதே அன்னைக்குக் கோயில் எழுப்பத் தொடங்கிய ஆண்டு 1876. மறு ஆண்டு பிரான்சிலிருந்து கப்பலில் சுரூபம் வந்து சேர்ந்தது. காட்சி கண்ட பெண் அப்போது நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் உயிரோடு இருந்தாள், 1879இல்தான் இறந்தாள். புனிதர் பட்டம் அவளுக்குக் கிடைத்தது 1933இல். மூலத்தின் ஈரம் காய்வதற்குள் உருவான நகல் வில்லியனூர். கோயிலுக்கு எதிரே படிக்கட்டுகளோடு ஒரு குளம் வெட்டப்பட்டது. லூர்து ஊற்றின் நீர் அதில் சேர்க்கப்பட்டதாகத் தல வரலாறு சொல்கிறது. கோயில் என்றால் எதிரே குளம் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கண் எதிர்பார்க்கும் அமைப்பு. வந்த தெய்வம் வந்த இடத்தின் முறைப்படி குடியேறியது.

இப்படி உண்டான நகலுக்கு மூலத்தின் பலன் உண்டா என்பதில் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு முறை கணக்காகவே விடை சொன்னது. லூர்து காட்சிகளின் 150ஆம் ஆண்டை ஒட்டித் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் காலத்தில், பாவத்துக்குரிய தண்டனையை முழுதாகத் தள்ளும் நிறைபேறுபலன் அறிவிக்கப்பட்டது. லூர்துக்கே செல்வோர் 2007 டிசம்பர் 8 முதல் 2008 டிசம்பர் 8 வரை அதைப் பெறலாம். லூர்து அன்னையின் சுரூபம் பொதுவணக்கத்துக்கு வைக்கப்பட்ட எந்த ஆலயத்துக்கு, எந்தக் கெபிக்குச் செல்வோரும் 2008 பிப்ரவரி 2 முதல் 11 வரை பெறலாம். நோயாலும் முதுமையாலும் வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள் அதே நாட்களில் இருந்த இடத்திலிருந்தே மனத்தால் சென்று பெறலாம். பலன் ஒன்றே, காலம் மட்டும் மூல ஊருக்கு ஓராண்டு, மற்ற ஊர்களுக்குப் பத்து நாள். அண்மையை முழுதாக ஏற்கவும் முடியாமல், தள்ளவும் மனம் வராமல் நிற்கும் ஏற்பாடு இது. ஆனாலும் பத்து நாளில் கிடைப்பதை அரைப்பலன் என்று அறிக்கை சொல்லவில்லை என்பதே இதில் பெரிய விஷயம்.

திருக்காஞ்சியின் உரிமைக்கோரல் இதைவிடத் துணிச்சலானது. அஸ்திக் கலசத்தோடு யாத்திரை போன ஒருவர் இந்த ஊரில் தங்கியபோது, கலசத்தில் இருந்த எலும்புகள் பூக்களாக மாறியிருந்தனவாம். இங்குள்ள கங்கைவராக நதீசுவரர் கோயிலின் பெருமையைச் சொல்லும்போது இந்தத் தலம் காசியை விட வீசம் கூடுதல் என்பார்கள். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. நெல்லும் பொன்னும் அளந்த கணக்கால் புண்ணியத்தையும் அளந்து, காசியைச் சிறுமைப்படுத்தாமல் அதற்கு மேல் மிகச் சிறிய பங்கு ஒன்றைத் தன் ஊருக்குச் சேர்த்துக்கொண்ட அடக்கம் அதில் இருக்கிறது. மாசி மகத்தன்று இங்கே நீராடி முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் சேர்கிறது. 2023 ஏப்ரல், மே மாதங்களில் சங்கராபரணி புஷ்கரணி விழாவும் இங்கே நடந்தது. காசிக்குப் போக முடியாத குடும்பம் தன் தந்தையின் கடனை இந்த ஆற்றில் தீர்க்கிறது. அந்தக் கடன் தீர்ந்ததா என்று காசிக்குப் போய் வந்த எவரும் அவர்களிடம் கேட்பதில்லை.

தொலைதூர யாத்திரையே ஒரு காலத்தில் மலிவான மாற்றாகத்தான் முன்வைக்கப்பட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மகாபாரதத்தின் வனபருவத்தில் தீர்த்த யாத்திரையின் பெருமையைச் சொல்லும் புலத்தியர், வேள்விகளுக்குப் பொருளும் ஆளும் கருவிகளும் வேண்டும், அரசரும் செல்வரும்தான் அவற்றைச் செய்ய முடியும், ஏழைக்கும் எட்டுவது தீர்த்தம் ஆடுதல் என்கிறார். அதன் பலன் வேள்விக்கும் மேல் என்றும் சொல்கிறார். வேள்விக்கு எட்டாதவருக்காகத் தீர்த்தம் வந்தது. பின்னாளில் தீர்த்தமும் வழிச்செலவு, சத்திரம், தானம், தட்சிணை என்று செலவு கூடி ஏழைக்கு எட்டாமல் போனபோது, பக்கத்து ஊரே காசி ஆயிற்று. எட்டாததை எட்டவைக்கும் இந்த நகர்வு தமிழ்நாடு முழுக்க நடந்திருக்கிறது. தென்காசியும் விருத்தாசலமும் அதற்குச் சாட்சி.

எதிர்த்தரப்பும் வலுவானது. கங்கையில் ஆடி என்ன, காவிரியில் ஆடி என்ன, ஈசன் எங்கும் உளன் என்று உணராதவருக்கு எதுவும் இல்லை என்ற கருத்தை அப்பர் தேவாரத்தில் பாடினார். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கிப் பகுதியில் ஆயராக இருந்த நிசா நகர் கிரகோரி, இடம் மாறுவதால் மனிதர் கடவுளை நெருங்கிவிடுவதில்லை என்று எருசலேம் யாத்திரையைப் பற்றிக் கடிதம் எழுதினார். இந்த வாதத்தைக் கடைசி வரை கொண்டுபோனால் வில்லியனூரும் வேண்டாம், லூர்தும் வேண்டாம். ஆனால் அதைச் சொன்னவர்கள் வீட்டோடு இருந்துவிடவில்லை. கிரகோரி எருசலேமைப் பார்த்துவிட்டே எழுதினார். அப்பரோ ஊர் ஊராக நடந்து பாடியவர். முதிய வயதில் கயிலைக்குப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, உடம்பால் உருண்டும் முடியாமல் கிடந்தவரை ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றுக் குளத்தில் எழவைத்தார் இறைவன் என்று பெரியபுராணம் சொல்கிறது. கயிலைக் காட்சி அவருக்குக் காவிரிக் கரையில் கிடைத்தது. இந்தக் கதையை அருகே இருந்தால் போதும் என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பாதி உண்மைதான். புறப்படாமல் இருந்திருந்தால் அப்பருக்குத் திருவையாறு வெறும் திருவையாறாகவே இருந்திருக்கும். போதாமல் போனது கால். புறப்பாடு முழுமையாகத்தான் இருந்தது.

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே தெளிவான விடை வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரிடம் இருக்கிறது. ஸ்ரீவசனபூஷணத்தில் அவர் இறைவனின் ஐந்து நிலைகளையும் தாகம் கொண்டவன் முன்னுள்ள நீர்நிலைகளாகக் காட்டுகிறார். உள்ளே உறையும் நிலை பூமிக்கடியில் உள்ள நீர். பரமபதத்து நிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர். பாற்கடல் நிலை கேள்விப்பட்டும் போக முடியாதது. அவதாரங்கள் வெள்ளம் வந்து ஓடிப்போன ஆறு. கோயிலில் நிற்கும் உருவமோ அந்த வெள்ளம் வடிந்த பின் பள்ளங்களில் தேங்கி, எவரும் கையால் அள்ளிக் குடிக்கக் கிடக்கும் நீர். இந்தக் கருத்தில் அண்மை என்பது வலுவற்றவருக்காகச் செய்த தள்ளுபடியாக இல்லை. எளிதாகக் கிடைப்பதே இறைவனின் இயல்பு. கிட்டாதிருப்பதுதான் விளக்கம் கேட்கும் நிலை. வில்லியனூர்க் குளத்தின் படியில் இறங்கும் பெண்ணுக்கு இறையியலில் இதைவிட உறுதியான துணை வேறு இல்லை.

அண்மையும் தொலைவும் இடம் மாறிப்போன ஓர் ஊரும் உண்டு. ஜெர்மனியில் நெதர்லாந்து எல்லையை ஒட்டிய கெவலார் சிறிய நகரம். 1641 கிறிஸ்துமஸ் காலத்தில் ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற சிறு வியாபாரி, வழியோரச் சிலுவை ஒன்றின் அருகே, இங்கே எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு என்ற குரலைக் கேட்டதாகச் சொன்னார். 1642இல் அங்கே நிறுவப்பட்டது சிலையோ ஓவியமோ இல்லை. லக்சம்பர்க் நகரத்து மாதா சுரூபத்தைப் பார்த்துச் செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து எடுத்த, உள்ளங்கை அளவுக் காகித அச்சுப் படம். படைவீரர் ஒருவரிடம் இருந்து வந்தது அது. நகலின் நகலான அந்தத் தாளைத் தேடித்தான் கிட்டத்தட்ட நான்கு நூற்றாண்டுகளாக மக்கள் வருகிறார்கள்.

1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறி ஐரோப்பாவில் தஞ்சம் புகுந்த தமிழர்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கெவலாரில் கூடுகிறார்கள். ஜெர்மனியின் பல நகரங்களிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் விடியுமுன் பஸ்கள் கிளம்பும். வீட்டில் சமைத்த சோறும் கறியும் கூடவே வரும். தமிழில் திருப்பலி, பவனி, மெழுகுவத்தி. இரவுக்குள் ஊர் திரும்பல். விடுதிச் செலவு இல்லை. சைவக் குடும்பங்களும் திரளாக வருகின்றன. அந்த மாதம் 15ஆம் தேதிதான் இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள மன்னார் மடு மாதாவின் பெருவிழா. போர்க் காலத்தில் மடுவுக்குப் போவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. 2008இல் மாதா சுரூபத்தையே பாதுகாப்புக்காக மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மடுவுக்குப் போக முடியாதவர்களுக்குக் கெவலார் மடுவாயிற்று. நல்லவாட்டுக்காரருக்கு ஐரோப்பியத் தலம் வில்லியனூருக்கு வந்தது. வன்னிக்காரருக்கு வன்னித் தலம் ஐரோப்பாவுக்குப் போனது. அந்த ஒரு நாளின் விலையைப் பஸ் கட்டணத்தில் பார்க்கக் கூடாது. ஜெர்மனியில் அகதி மனு நிலுவையில் இருந்தவர்கள், தங்களுக்கு ஒதுக்கிய மாவட்ட எல்லையைத் தாண்டவே அதிகாரிகளிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது.

மலிவு என்ற சொல்லை எடை போடவேண்டிய இடம் இதுதான். விடியுமுன் கடலுக்குப் போகும் குடும்பத்தில் ஒரு நாள் யாத்திரை என்பது ஒரு நாள் பாடு இல்லாமற்போவது. கரையில் ஏலம் எடுத்துக் கூடையோடு தெருத்தெருவாக மீன் விற்கும் பெண் ஒரு நாள் போகாவிட்டால் வாடிக்கை வீடுகள் வேறு கூடைக்குப் போய்விடும். மாதச் சம்பளக்காரர் லூர்துக்குப் போய்வரும் விடுப்பில் இழப்பதைவிட இது அவளுக்குப் பெரிய இழப்பாக இருக்கலாம். இந்த விஷயத்தில் நாட்காட்டி கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஈஸ்டரை அடுத்து வரும் வில்லியனூர் மாதா திருவிழா பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது. திருக்காமீசுவரர் தேரோட்டமும் அந்தக் கோடையில்தான். 

பயணத்துக்கு முந்தைய நாட்களும் கணக்கில் சேரும். வேண்டுதல் செய்துகொண்ட வீட்டில் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். அரிசி தீர்ந்தாலும் அந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. போகும் நாள் தள்ளிக்கொண்டே போகும்; முடிச்சு மட்டும் பெருக்கும். அந்தத் தள்ளிப்போடுதலைச் சோம்பல் என்று எண்ணக் கூடாது என்பதற்குப் பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் நந்தனார் இருக்கிறார். கொள்ளிடக் கரை ஆதனூரில் இருந்தவருக்குத் தில்லை எட்டாத தூரமில்லை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் நாள் கழித்ததற்குக் காரணம் பணமும் இல்லை, தூரமும் இல்லை. பிறப்பைச் சொல்லி அடைத்துவைத்த வாசல். திருநாளைப்போவார் என்ற பெயரே நாயன்மார் வரிசையில் நின்றது. போகத் துடித்த நாட்களையும் அந்த மரபு யாத்திரையாக எண்ணியிருக்கிறது. அவரைத் தீயில் புகச் சொல்லி உள்ளே விட்ட வாசலின் குற்றம் வேறு. அதைப் பக்தியின் கணக்கில் எழுத முடியாது.

போக விரும்பியும் முடியாதவரின் கணக்கை இஸ்லாம் நேராகவே தீர்க்கிறது. ஹஜ் கடமை சென்றுவரச் சக்தி உள்ளவருக்கு மட்டுமே. கடன் வாங்கி, வீட்டைப் பட்டினி போட்டுப் போகச் சொல்லவில்லை. முடியாதவர் மீது குற்றமும் இல்லை.

ஒரு நாளும் ஒழியாதவர், படுக்கையில் கிடப்பவர், பஸ் ஏற முடியாதவர் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்காகத் திசையே திரும்புகிறது. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் திண்டிவனம் சீனிவாசப் பெருமாளும் வேறு பல ஊர் மூர்த்திகளும் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். வழியெங்கும் ஊர்களில் நின்று, வாசலில் வைத்த கற்பூரத்தை ஏற்று, கடலாடித் திரும்புகிறார்கள். யாத்திரை போகும் தெய்வத்துக்கு வாசலில் நிற்பவரிடம் பயணச் செலவு கேட்கும் வழக்கம் இல்லை.