சுகமானவன் ஏன் ஆசாரியனிடம் போக வேண்டும்?

இந்த மாதம் என் தவறு ஒன்றை உங்கள் முன் வைக்கும்படி ஆவியானவர் என்னை விடாமல் ஏவுகிறார். சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேர் வேண்டாம்.

இங்கே ஃப்ளோரிடாவில் நம் சபையில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்று வேடிக்கையாய்ச் சொல்வோம். இந்தச் சகோதரியும் அப்படித்தான். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி. முதலில் டாக்டர் கொடுத்த மாத்திரை. அது நின்றதும், ஊசியில் மிஞ்சும் ஹைட்ரோமார்ஃபோன். மிஞ்சியதை இன்னொரு நர்ஸ் சாட்சியாய் நிற்க அழிக்க வேண்டும். இவரோ அழித்ததாக எழுதிவிட்டுத் தனக்கே போட்டுக்கொண்டார். அந்த மருந்து அலமாரி விரல்ரேகை வைத்தால்தான் திறக்கும். எடுத்ததெல்லாம் கணக்கில் ஏறும். ஒருநாள் கணக்கு பேசிவிட்டது. வேலை போயிற்று.

உபவாச ஜெபத்தில் கதறி அழுதார். கர்த்தர் தொட்டார், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. "பாஸ்டர், அந்த ஆசையே போயிடுச்சு" என்றார். சபையே அல்லேலூயா சொன்னது.

ஃப்ளோரிடாவில் 1983 முதல் சட்டமே திறந்துவைத்த வாசல் ஒன்று உண்டு: 'இன்டர்வென்ஷன் ப்ராஜெக்ட் ஃபார் நர்சஸ்'. வேலையை நிறுத்திவிட்டு, சிகிச்சை எடுத்து, கண்காணிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒழுங்காய் நடந்தால், உரிமத்தின்மேல் பகிரங்க நடவடிக்கை வராமல் தப்பிக்க வழியுண்டு. ஒப்பந்தம் ஐந்து வருஷம் வரை போகும். கூப்பிட்ட அன்றே சிறுநீர்ப் பரிசோதனை, அதுவும் சொந்தக் காசில். வாரந்தோறும் கூட்டம். வேலைக்குத் திரும்பினாலும் கொஞ்ச காலம் போதை மருந்துச் சாவியைத் தொடக்கூடாது.

"கையெழுத்துப் போடட்டுமா பாஸ்டர்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "கர்த்தர் விடுதலையாக்கிட்டாரும்மா. அஞ்சு வருஷம் நோயாளின்னு எதுக்கு எழுதிக் கொடுக்கணும்? அது அவிசுவாசம்."

அவர் போடவில்லை. விஷயம் சுகாதாரத்துறைக்குப் போனது. உரிமம் இடைநிறுத்தப்பட்டது. யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பேரைத் தட்டிப் பார்க்கலாம். ஐந்தாம் மாதம் கராஜில் நினைவில்லாமல் கிடந்தவரைக் கணவர்தான் கண்டார். பிழைத்தது தேவகிருபை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சகோதரர், "பாஸ்டர், நீங்க அன்னைக்குப் போடச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

அன்று இரவு லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். எத்தனை தரம் பிரசங்கித்த பகுதி! குஷ்டம் நீங்கியவனை ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்க்கிறான். அவன் ஸ்நானம்பண்ணி உள்ளே வந்தபிறகும் ஏழுநாள் தன் கூடாரத்துக்குப் புறம்பே இருக்க வேண்டும். எட்டாம் நாளில் வலதுகாதிலும், வலதுகைப் பெருவிரலிலும், வலதுகால் பெருவிரலிலும் இரத்தமும் எண்ணெயும் பூசப்படுகிறது. கைப் பெருவிரல்! அந்த அலமாரியைத் திறந்த கையை நினைத்து அழுதேன். நம் ஆண்டவரும் குஷ்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்கிவிட்டு, ஆசாரியனிடம் போகச் சொன்னாரே. சுகம் கொடுத்தவருக்கு அந்தப் பரிசோதனை அவமானமாய்த் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது.

ஆசாரியன் பார்ப்பது பாளயத்தில் இருக்கும் மற்றவர்களுக்காகவும்தான். 2012-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மருத்துவமனை ஊழியர் ஊசிமருந்தைத் திருடித் தனக்குப் போட்ட விஷயம் வெளிவந்தது. அவர் மூலம் அந்த மாநிலத்தில் மட்டும் 30க்கும் அதிகமான நோயாளிகளுக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றியிருந்தது. படுக்கையில் கிடக்கிறவனுக்கு நம் சாட்சி மட்டும் எப்படிப் போதும்?

கண்காணிப்பு ஒருவனை அழித்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 2008-ல் வெளியான ஆய்வு 16 அமெரிக்க மாநிலங்களில் இப்படிப்பட்ட திட்டங்களில் சேர்ந்த மருத்துவர்களைப் பார்த்தது. ஐந்து வருஷம் கழித்து 802 பேரில் 631 பேர் உரிமத்தோடு வேலையில் இருந்தார்கள். 87 பேர் உரிமத்தை இழந்தார்கள். அதையும் மறைக்கக்கூடாது.

இப்போது சகோதரி கையெழுத்துப் போட்டு இரண்டாம் வருஷம் நடக்கிறது. உரிமம் நிபந்தனைகளோடு கிடைத்திருக்கிறது. ஐக்கிய விருந்துக்குச் சமைக்கிற தாய்மார்களே, தயவுசெய்து குருமாவில் கசகசா சேர்க்காதீர்கள். அது பரிசோதனையில் மார்ஃபின் என்று காட்டிவிடும். இருமல் மருந்தில் இருக்கும் கொஞ்சம் ஆல்கஹால்கூட அகப்படும். நம் திருவிருந்தில் திராட்சைச் சாறுதான், அதனால் அதற்குப் பயமில்லை.

சில ஞாயிறுகளில் ஆராதனை நடுவே அவர் எழுந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குப் பரிசோதனை விழுந்திருக்கிறது, இடம் மூடுமுன் போக வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். என் மனைவிதான் கார் ஓட்டிப் போகிறாள்.

நம் சபையில் இன்னும் யாராவது இதே பாரத்தோடு மறைந்து தவித்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்கு போன் பண்ணுங்கள். முதலில் உங்களோடு முழங்காலில் நிற்பேன். விடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைப்பேன்.