பிறர் வாழ்வை நேர்ந்துகொள்ளலாமா?

தனக்கு உரியதையே ஒருவர் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்ள முடியும் என்பது நேர்த்திக்கடனின் அடிப்படை என்றால், சம்மதம் சொல்லும் பருவம் எய்தாத சிறுமியின் வாழ்நாளைப் பெரியவர்கள் நேர்ந்துவிடுவது எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வி எழுகிறது. இறைவனையே கணவனாகக் கொண்டு தாலி அணிவித்துப் பெண்ணைக் கோயிற்பணிக்கு உரியவளாக்கும் பொட்டுக்கட்டுதல் என்னும் சடங்கைப் பற்றி இக்கேள்வியைச் சென்னை மாகாணச் சட்டசபையில் வலுவாக எழுப்பியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968). நியமன உறுப்பினராக நுழைந்து, துணைத்தலைவராகத் தேர்வான அவர் அச்சபையில் இருந்தது 1930 வரையிலான மூன்றரை ஆண்டுகள் அளவே. தாய் சந்திரம்மாள் அவ்வாறு நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிகளின் மரபினர் ஆதலால், அவருக்கு இது ஏட்டளவில் நின்ற கேள்வியன்று.

கோயிற்பணிக்கு ஈடாக அப்பெண்களுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலம், பணி நின்றால் கைவிட்டுப் போய்விடும். அவர் முயற்சியால் 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், நிலத்தைப் பணியின் கட்டிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரித்தாக்கியது. மறுத்தால் சோறில்லை என்ற நிலையில் சம்மதத்துக்குப் பொருளில்லை என்பதை உணர்ந்து, சடங்கின் பிடி மண்ணில் இருந்ததைக் கண்டறிந்ததே அவருடைய பணிகளுள் மிக ஆழமானது.

பொட்டுக்கட்டுதலை ஒழித்தால் மரபும் கலையும் அழியும் என்று காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் எதிர்த்தனர். அதனினும் கனமானது தேவதாசிப் பெண்களின் எதிர்ப்பு. திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குத் தம் பொருளால் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோரின் பக்தியும் கலையும் அவர்களுக்கே உரியவை. பிறர் நேர்ந்துவிடக் கூடாதது வாழ்வு என்றால், பிறர் பழித்துப் பறிக்கக் கூடாதது இவ்வுரிமை. 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி ஆடிய பின், தேவதாசிகள் ஆடிவந்த சதிராட்டம் பரதநாட்டியமாகி மயிலாப்பூர், தியாகராய நகர்ச் சபாக்களில் தழைத்தது. பாலசரஸ்வதி போன்ற சிலர் நீங்கலாக, அதைக் காத்துவந்த குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்து விலக நேர்ந்தது. அவ்விழப்புக்குச் சட்டம் ஈடு எதுவும் வைக்கவில்லை.

பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதா நிலுவையில் இருக்கையில், 1930 மே மாதம் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி ரெட்டி பதவி விலகினார். அப்பதவியைத் துறக்கும் உரிமை முற்றிலும் அவருடையதே. தடைச்சட்டம் 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் நிறைவேறியது. அதற்கு வெகுமுன்பே, பொட்டுக்கட்டுதலுக்கு அஞ்சி வெளியேறி, விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட சிறுமியருக்காக அவர் ஔவை இல்லத்தைத் தொடங்கியிருந்தார். பின்னர் அடையாற்றில் நிலைகொண்ட அவ்வில்லம், அவர்களுக்கு உணவோடு கல்வியும் தந்தது.