நோவு யாருடையது?

“குதிரைக்கும் உருவிவிட ஆள் இருக்கோ?” மொன்றியலை அடுத்த டொலார்ட்-டெ-ஓர்மோ முருகன் கோயிலில் என் வேலையைக் கேட்டறிந்த பெரியம்மா ஒருவர் வியந்தார். பக்கத்தில் இருந்த ஐயா வியக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பிள்ளை, நீ நோவை எடுத்துவிட, அதைத் திரும்பவும் ஓடத்தானே விடுவினம்?” என்றார். என் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வியோடுதான் இன்றும் வேலைக்குப் போகிறேன்.

வீடு பியர்பொன்ட்ஸில். வேலை பெரும்பாலும் மேற்கே, 40ஆம் நெடுஞ்சாலையில் இல்-ஓ-தூர்த் பாலத்தைத் தாண்டி, சென்-லசார் பக்கத்து லாயங்களில். குதிரை வளர்ப்புக்கும் சவாரிக்கும் பேர்போன ஊர் அது. பனிக்காலத்தில் தரை உறைந்து கிடக்கும். வழுக்கிவிடுமோ என்று குதிரை உடம்பை இறுக்கிக்கொண்டே நடக்கும்; அந்த இறுக்கம் முதுகிலும் பின்தொடையிலும் தங்கிவிடும். ஊரில் உழுக்குப் பார்ப்பவர்கள் நோவெண்ணெய் தேய்த்துத்தான் உருவுவார்கள். இங்கே எண்ணெய் கிடையாது. பூசினால் மயிர் ஒட்டி அழுக்குச் சேரும். கையை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, சிறு முக்காலியில் ஏறி நின்று, வெறுங்கையால் நீவ வேண்டியதுதான்.

குதிரையின் உடலமைப்பை அறிந்தபோது எனக்கு அதன்மேல் இரக்கமும் மதிப்பும் ஒன்றாகவே வந்தன. குதிரைக்குக் காறை எலும்பு இல்லை. முன்னங்கால்களை உடலோடு இணைக்கும் எலும்பு மூட்டு எதுவும் கிடையாது. இரண்டு கால்களுக்கும் நடுவே நெஞ்சுக்கூட்டைத் தசைகளே தூக்கிப் பிடித்திருக்கின்றன. உடல் எடையில் ஏறக்குறைய 60 வீதம் அந்த முன்னங்கால்களில்தான் விழுகிறது. அதற்கு மேல் சேணம், சேணத்துக்கு மேல் ஆள். முழங்காலுக்குக் கீழே பார்த்தால் தசை என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் தசைநாண்களும் எலும்பும்தான். அதனால் நடையில் தெரிகிற கோணலுக்குக் காரணம் தோளிலோ நாரியிலோ இருக்கலாம். குளம்பிலும் இருக்கலாம். கால் வீங்கிச் சூடாக இருந்தால், அல்லது நொண்டினால், நான் கை வைப்பதில்லை. அது கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது.

இரையாகிப் பிழைத்து வந்த இனம் நோவை எளிதில் வெளியே காட்டாது. காட்டுவது பலவீனம், பலவீனத்தைத்தான் வேட்டை மிருகம் தேடும். எனவே நோவை அதன் முகத்தில் வாசிக்கப் பழக வேண்டும். காது பின்னால் விறைத்து நிற்பது, கண்ணுக்கு மேலே தசை இறுகுவது, வாய் இறுகி மோவாய் புடைப்பது, மூக்குத் துவாரம் விரிவது. இவற்றை வைத்துக் குதிரையின் வலியை அளக்கும் முறை ஒன்றை ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். நல்ல லாயக்காரர்கள் அதற்கு முன்பே கண்ணால் அறிந்திருந்த விஷயம்தான். என்றாலும் எழுதி வைத்தபின், ‘அதுக்கு ஒண்டும் இல்லை, கள்ளம் பண்ணுது’ என்று தட்டிக்கழிப்பது கடினமாகிவிட்டது.

பிடரி முடிகிற இடத்தில், தோளுக்கு மேலே ஒரு மேடு இருக்கும். நட்பான குதிரைகள் இரண்டு எதிரெதிராக நின்று ஒன்றின் மேட்டை மற்றொன்று பல்லால் கோதிவிடும். அந்த இடத்தைச் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்புக் குறைகிறது என்று 1993இல் பிரான்சில் செய்த ஆய்வொன்று காட்டியது. நான் தொடங்குவதும் அங்கேதான். கையை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, வாயை மெல்லத் தொடங்கினால் தொடரலாம். காதை மடக்கிக்கொண்டு விலகினால் கையை எடுத்துவிடுவேன். கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நீவச் சொல்பவர்களும் உண்டு. அதற்கு நான் உடன்படுவதில்லை. நோவை ஆற்றப் போகிற கை முதலில் பயத்தைக் கொடுக்கக்கூடாது.

இனி ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொழில் மேற்கில் வளர்ந்தது விளையாட்டுக் களத்தில்தான். விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த அமெரிக்கரான ஜாக் மீகர் 1970களில் தம் நாட்டுக் குதிரையேற்ற அணியின் குதிரைகளுக்கும் அதே முறையைக் கையாண்டார். 1985இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஆகவே நோவை எடுப்பது மறுபடி ஓட விடுவதற்கே என்ற சந்தேகம் இந்தத் தொழிலின் வேரிலேயே இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை.

கவனிப்பே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் வருட முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்று எழுதி வைத்தார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். விற்க வந்த வணிகர்களும் அப்படிப்பட்டவர்களை அங்கே போக விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! அவ்வளவு பொன்னைக் கொட்டிய அரண்மனை ஒரு பராமரிப்பாளனைத் தேடிப் பிடிக்கவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மொன்றியலிலும் காலம் மாறியிருக்கிறது. நம்மவர்கள் பலர் வந்து குடியேறிய கோட்-டெ-நேஜ் பக்கத்தில் 1907 முதல் இயங்கிய புளூ பொனட்ஸ் பந்தயத் திடல் 2009இல் மூடப்பட்டது. பழைய நகரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய குதிரை வண்டிகள் 2019 டிசம்பர் 31உடன் நின்றன. விலங்குகள் பொருள்கள் அல்ல, உணர்வுள்ள உயிர்கள் என்று கியூபெக்கின் குடியியல் சட்டம் 2015இலேயே சொல்லிவிட்டது. சட்டம் அப்படிச் சொன்ன பிறகு, குதிரையின் சொந்தக்காரருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட முடியாது.

ஒரு கபில நிறப் பெண் குதிரைக்கு முதுகில் எப்போதும் ஒரே இடம் கல்லாக இறுகியிருந்தது. இளக்கிவிட்டு வருவேன், அடுத்த முறை அதே இடம், அதே இறுக்கம். சேணம் அதன் உடம்புக்கு ஒடுக்கம். சொந்தக்காரிக்கு நான் நன்றாக நீவுவது பிடித்திருந்தது, சேணத்தை மாற்றச் சொன்னது பிடிக்கவில்லை. மாற்றும்வரை வரமாட்டேன் என்றேன். கோபப்பட்டார். பிறகு ஆளை அழைத்து அளவெடுத்து மாற்றினார். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு நோவை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் என் கையும் அந்தச் சேணத்தோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஐயாவுக்கு என் பதில் இதுதான்: ஓட விடுவார்கள், ஆம்; ஆனால் எதைச் சுமந்துகொண்டு, எவ்வளவு நேரம், எந்த உடம்போடு ஓடுகிறது என்று கேட்கும் உரிமையையும் சேர்த்துத்தான் நான் கூலி வாங்குகிறேன். அந்த உரிமை இல்லாத லாயத்தில் எனக்கு வேலை இல்லை.

சேணமே காணாத குதிரைகளும் நம்மிடம் இருக்கின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள் இலங்கையின் நெடுந்தீவில் இன்றும் கூட்டமாகத் திரிகின்றன. ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் மட்டும் அங்கே மிச்சம். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கோடை நீண்டால் குதிரைகள் தண்ணீரின்றிச் சாகின்றன. அவற்றின் நோவுக்குக் காரணம் தேட முதுகைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போய் நெடுந்தீவுக்குப் படகேறுகிற உறவுகளே, படம் எடுப்பதற்காக அவற்றைத் துரத்தாதீர்கள். இங்கே ஊர்ச் சங்கங்கள் கூடி எதற்கெல்லாமோ பணம் சேர்க்கின்றன. அடுத்த கூட்டத்தில் அந்தக் குதிரைகளின் கோடைத் தண்ணீருக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.