கையளவு பை

மகளுக்குச் சுடிதார் தைக்கும்போது அவள் கையையும் அளந்துகொள்வேன். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, அதற்கு மேல் இரண்டு அங்குலம். பைக்கு அந்த ஆழம் இருந்தால்தான் உட்காரும்போது செல்போன் நழுவாது. பைக்கு லைனிங் துணி வேண்டாம், சாவி கிழித்துவிடும், காடாத்துணி தாங்கும். பையின் வாய் பக்கவாட்டுத் தையலில், ஸ்லிட்டுக்கு மேலே வரவேண்டும். வாயின் இரு முனைகளிலும் முன்னும் பின்னுமாக மூன்று முறை தையல் ஓட்டுவேன். பிரிவது எப்போதும் அங்கேதான். பெண்களுக்குப் பை ஒன்றும் புதிதில்லை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்குள் இடுப்பில் தனிப் பை கட்டிக்கொண்டார்கள். நம் பாட்டிகளுக்குச் சுருக்குப்பை இருந்தது. கடையில் வாங்கும் டாப்ஸில் பெரும்பாலும் எதுவுமே இல்லை. எனக்கு அது கோபம்தான். போன வாரம் தைத்ததைப் போட்டதும், மகள் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு வாசல்வரை நடந்து பார்த்தாள்.