யார் சொன்னது?

ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி. ராஜாஜி 1878-ல் பிறந்த ஊர். வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள்.

1938-ல் சென்னை மாகாண முதல்வராக இந்தியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியவர் அவர். தமிழுக்கு எதிரி என்று ஊர்வலம் போனார்கள். பிற்பாடு அவரே இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1967-ல் அவருடைய சுதந்திரா கட்சி தி.மு.க.வோடு கூட்டணி. ஏசியவர்கள் மேடையில் நாற்காலி போட்டார்கள், காங்கிரஸ்காரர்கள் முகம் திருப்பினார்கள். மனிதர் மனசு மாறலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு தடவையும் அவர் சொன்ன காரணங்களை உட்கார்ந்து எடைபோட்டவர்கள் எத்தனை பேர்?

ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அரசு உதவித் திட்டம் ஒன்றை மாணவர்களிடம் காட்டி, 'இது உங்கள் கட்சியின் நிலை' என்றால் ஆதரித்தார்கள். அதே திட்டத்தை எதிர்க்கட்சி ஆதரிக்கிறது என்றால் எதிர்த்தார்கள். கேட்டால், 'கட்சியா? சேச்சே, திட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன்!'

சிரிக்காதீர்கள், நம் கதையும் இதுதான். கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் பழுப்பாகும், எலும்பு கெடும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல் கன்னட அமைப்புகள் எதிர்த்தபோது நாம் கேட்டோம்: 'குடிக்கிற தண்ணிக்குமா தகராறு?' நியாயமான கேள்வி. நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2016-ல் கர்நாடகம், 'பெங்களூருக்கே குடிக்கத் தண்ணி இல்லை' என்றது. உடனே நாம் டி.எம்.சி. கணக்கை எடுத்தோம். 2008-ல் குடிநீர் வாதத்தைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் இப்போது அதையே சத்தமாகச் சொன்னார்கள்.

இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி. ஒகேனக்கலில் நாம் எடுப்பது நம் பங்கிலிருந்து. தஞ்சாவூர் சம்பாவுக்கும் நியாயம் உண்டு. ஆனால் சுப்ரீம் கோர்ட் 2018-ல் பெங்களூரு குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. ஒதுக்கியதே, அதன் காரணத்தைப் படித்துவிட்டா கோபப்பட்டோம்? மேடைப் பேச்சாளருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 'நம்ம தண்ணி', 'துரோகி' என்ற இரண்டு வார்த்தை போதும். மூன்றாவதாக ஒருவர், 'அவங்க சொல்றதையும் கேட்போமே' என்று எழுந்தால், அவர்தான் அடுத்த துரோகி.

2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழகப் பதிவெண் பஸ்களைக் கொளுத்தினார்கள். சென்னையில் கன்னடர் நடத்தும் ஓட்டல் ஒன்றில் பெட்ரோல் குண்டு விழுந்தது. காவிரியைப் பற்றி டிரைவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பஸ்கள் எல்லை தாண்டாததால் அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் நடுவே ஜனங்கள் பெட்டி படுக்கையோடு நடந்தார்கள், இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும்.