மைக்கிண்ணம்

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடைக்குச் சீல் வைத்தார்கள். பாம்பின் நாக்கைப் போல மனித நாக்கைப் பிளந்து, அதைப் படம் பிடித்தும் காட்டியதற்காக இருவர் கைதானார்கள். கடைக்கு உரிமம் இல்லை என்ற பேச்சு அதன் பிறகுதான் எழுந்தது. முதலில் அருவருப்பு, பிறகு சட்டம். நாக்குகள் முழுதாக இருந்திருந்தால், அங்கே ஊசிகள் எப்படிக் கையாளப்பட்டன என்று யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

பச்சை குத்துவதற்கென்று நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் இல்லை. ரத்த வங்கிக்கு மட்டும் விதி உண்டு. 2020இல் திருத்திய மருந்து விதிகளின்படி, பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதம் ரத்தம் கொடுக்கலாகாது. ஊசியைப் பாராத அரசு, குத்தப்பட்ட கையைப் பார்க்கிறது.

என் தோல், என் இஷ்டம் என்ற வாதம் பாதி தூரம்தான் செல்லும். வலிக்கு நான் சம்மதிக்கலாம், உருவத்துக்குச் சம்மதிக்கலாம். எனக்கு முன் வந்தவனின் ரத்தத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. ஊசியை மாற்றினால் மட்டும் போதாது. தோலுக்குப் போன ஊசி மறுபடியும் மையில் தோய்கிறது. கிண்ணமும் மையும் மாறாவிட்டால் ஹெபடைடிஸ் பி கிருமி அடுத்த கைக்குப் போய்விடும். உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை தாக்குப்பிடிக்கும் கிருமி அது. வாடிக்கையாளன் கண்ணால் பார்த்து அறியக்கூடியது எதுவும் இதில் இல்லை. ஆகவே வேறொருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

ஆனாலும் அந்த வேறொருவர் அரசு என்னும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. அரூர்ப் பக்கம் பாட்டிமார்களின் முன்கைகளில் இருந்த கோலங்கள் கடையில் குத்தியவை அல்ல. திண்ணையிலும் சந்தையிலும் குறத்தியர் குத்தியவை. அவர்களை அரசு ஏற்கெனவே ஒருமுறை பதிவு செய்திருக்கிறது. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபின், குறவரில் பல பிரிவினர் போலீஸ் பதிவேட்டில் ஏறினார்கள். அந்த ஏட்டுக்கு வேண்டியது ஆளும் இருப்பிடமும்தான். அதற்கும் முன்பு, 1797 முதல் 1849 வரை, வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் கம்பெனி அரசே குற்றத்தைப் பச்சை குத்தி வைத்தது. அப்போது சுத்தம் பற்றிய கேள்வி எழுந்திருக்காது.

இன்று எழுதப்படும் உரிமமும் முகவரியில்தான் தொடங்கும். கடை வைத்தவனுக்கு முகவரி உண்டு. ஊர் ஊராகப் போகிறவள் கிண்ணத்தைக் கழுவினாலும் சட்டவிரோதி, ஏ.சி. அறைக்காரன் கழுவாவிட்டாலும் உரிமதாரன். 121 டிகிரி நீராவியில் 15 நிமிஷம் என்பது ஊசிக்கான நிபந்தனை. ஆளின் சாதியோ வாசலோ அதற்குத் தெரியாது. விதியை அங்கிருந்து எழுதத் தொடங்கினால் என்ன? பஸ் ஸ்டாண்டிலும் திருவிழாவிலும் ஒரு பொது ஆட்டோகிளேவ் வைப்பது அரசால் ஆகாத காரியமா?

அருவருப்பு வராத இடத்தில் நாமும் கேட்பதில்லை. குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் அலறும் ஒரு வயதுக் குழந்தையின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஆசாரியின் கையில் இருப்பது தங்கக் கம்பி. தங்கம் என்பதாலேயே அது சுத்தம் என்று நினைத்துக்கொண்டு சுற்றி நிற்கிறோம்.